ஒப்பிலக்கியம் படிக்கிற மகளும் சித்தாண்டி மாமாவும்

1

எங்கள் வீட்டுக்குள் "மாமா" என்ற சொல் வந்து இந்தத் தை மாதத்தோடு அரை வருடமாகிறது. திகதிகளைக் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. பேர்ண் நகரில் முதல் பனி விழுந்த நாள், மகளுக்கு முதல் பல் விழுந்த நாள், எங்கள் தெருவில் பேருந்து இலக்கம் மாறிய நாள் எல்லாம் என்னிடம் இருக்கும். இப்படியொரு நிறைவையும் ஒருநாள் கணக்கு வைத்திருப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

மகள் நிலானி இங்கே சுவிற்சர்லாந்தில் ஒப்பிலக்கியத்தில் முதுமாணி செய்கிறாள். அவள் மாமா என்று அழைப்பது குலேந்திரனை. சித்தாண்டிக்காரன், வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளன், ஒரு காலத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். இப்போது பெரிய ஆள் என்றாலும் நான் அவனை அவன் என்றுதான் எழுதுவேன். போன வருடம் ஆனி மாதம் வரை மகளுக்கு அவன் "குலேந்திரன் சேர்". மின்னஞ்சலில் "மதிப்புக்குரிய ஐயா". ஆடி மாதம் ஆய்வு வேலையாக ஊருக்குப் போனாள். திரும்பி வந்தபோது விமான நிலையத்திலேயே, பெட்டியை என் கையில் தந்த கையோடு, "மாமா உங்களச் சுகம் கேட்டவர்" என்றாள்.

அதிலிருந்து சாப்பாட்டு மேசையில் ஒரு நாளும் அந்தச் சொல் தப்புவதில்லை. கூத்தைப் பற்றி நான் ஏதாவது சொன்னால், "இருங்க அப்பா, மாமாட்டக் கேட்டுட்டு எழுதுறன்." என் மனைவி வசந்தி அந்த நேரங்களில் மீன் ஆணச் சட்டிக்குள் ஏதோ தேடுவதுபோலக் குனிந்துகொள்வாள். அவள் சிரிப்பது அவளுடைய தோளிலிருந்து தெரியும்.

இந்தக் குறிப்பு ஊரில் அச்சாகும்போது குலேந்திரனும் வாசிப்பான். வாசிக்கட்டும்.

2

ஒப்பிலக்கியம் முதலில் என்னுடைய ஆசை. இறுதி வருடத்தில் நானும் குலேந்திரனும் நூலகத்தில் இருந்த ஒரேயொரு பாடநூலை முறைவைத்து எடுத்து வாசித்தோம். அட்டை இல்லாத புத்தகம், நடுவில் ஓர் அத்தியாயமும் இல்லை. இல்லாத அத்தியாயத்தில் என்ன இருந்திருக்கும் என்று வளாகத்திலிருந்து பிரதான வீதி வரை வாதாடிக்கொண்டு நடப்போம். இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுமாணிக்கு இடம் கிடைத்தது எனக்குத்தான், அவனுக்கல்ல. ஆனால் யுத்தம் மூண்டிருந்த அந்த வருடம் எங்கள் வயதுப் பிள்ளைகள் ஊரில் பொறுத்திருந்து பயணம் வைக்கக்கூடிய வருடமல்ல. பயணக் காசுக்காக வெல்லாவெளியில் எங்கள் வட்டையில் ஒரு துண்டு வயல் கைமாறியது. நான் இந்தியாவுக்குப் போகாமல், எங்கெல்லாமோ சுற்றி இங்கே வந்து விழுந்தேன்.

அவன் நின்றான். பின்னர் முதுமாணி செய்தான், அதன்பிறகு கலாநிதிப் பட்டம். இப்போது அந்தப் பாடத்தையே படிப்பிக்கிறான். நான் பொதிகள் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்கிறேன். நல்ல வேலை, குறை சொல்லமாட்டேன். இடைவேளையில் வாசிக்கவும் விடுவார்கள். மூன்று மொழிகளில் வாசித்த புத்தகங்கள் வீட்டில் ஒரு சுவரை நிரப்பி நிற்கின்றன. ஆனால் நான் வாசித்ததை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அவனிடம் ஒரு வகுப்பே கேட்கிறது.

நிலானி பதினாறு வயது வரை நான் தமிழில் கேட்பதற்கு ஜெர்மனில் பதில் சொன்ன பிள்ளை. தமிழ்ப் பாடசாலைக்குச் சனிக்கிழமைகளில் இழுத்துக்கொண்டுதான் போனோம். பிறகு ஒருநாள் தானாகவே ஒப்பிலக்கியம் படிக்கப் போவதாகச் சொன்னாள். நான் அன்றைக்கு வேலைக்கு விசில் அடித்துக்கொண்டு போனேன். அந்தச் சந்தோசம் அவள் தலைப்பைச் சொல்லும் வரை இருந்தது.

இந்த நாட்டு மலைக்கிராமங்களில் வருடாவருடம் விவசாயிகளே மேடையேறி ராசா, புனிதர் வேடம் கட்டி நடிக்கும் நாடகங்கள் உண்டு. நெல் வெட்டுகிறவரும் மீன் பிடிக்கிறவரும் ராசாவாக ஆடும் எங்கள் கூத்தை அவற்றோடு வைத்துப் பார்ப்பதுதான் அவள் தலைப்பு. இதை அவளுக்குச் சொன்னது நான். அவளுக்குப் பதினொரு வயது, பாடசாலை விடுமுறை, மலைப் பேருந்தில் ஜன்னல் பக்கம் இருந்தாள். பாற்கட்டி செய்யும் ஒருவர் கிரீடத்தோடு நிற்கும் விளம்பரத் தட்டியைக் காட்டி, எங்கட ஊரிலும் இப்படித்தான் என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டு வந்தேன். இதை அவளிடம் ஞாபகப்படுத்தினேன்.

"எனக்கு அந்தப் பஸ்ஸில சத்தி எடுத்தது மட்டும்தான் ஞாபகம் அப்பா" என்றாள்.

3

மட்டக்களப்பில் வளராத வாசகர்களுக்காக ஒரு பந்தி. எங்கள் பக்கத்தில் ஒவ்வொருவரும் ஒரு குடியைச் சேர்ந்தவர். கோயில் சடங்கில் எந்த நாள் எவருடையது, கல்யாணத்தில் யாருக்கு யார் முறை என்பதெல்லாம் குடியை வைத்துத்தான். குடி தாய் வழியாக வரும். தகப்பனுடைய குடி பிள்ளைக்கு வராது. வீடும் பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். ஒரே குடிக்காரர் சகோதரம். ஆகையால் தாயின் குடியில் தாயின் வயதுக்கார ஆண்கள் எல்லாரும் பிள்ளைக்கு மாமா.

இது எனக்கு ஐந்து வயதிலேயே தெரிந்த விசயம். ஆனால் நான் கல்யாணம் முடித்தது பேர்ணில் ஒரு பதிவு அலுவலகத்தில். வசந்தியின் சித்தாண்டி வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போய் இறங்கவே இல்லை. எங்கள் வாடகை வீட்டின் அழைப்புமணியில் என் பெயர். மனைவிக்கும் மகளுக்கும் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக என் பெயர். வைத்தியர், வகுப்பாசிரியர், வரி அலுவலகம் எல்லாரும் எங்கள் மூவரையும் என் பெயராலேயே கூப்பிட்டார்கள். இத்தனை வருடம் கூப்பிட்டால் எந்த மனிதனும் நம்பத் தொடங்கிவிடுவான்.

படுவான்கரையில், அதாவது வாவிக்கு மேற்கே, ஓர் ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர் இருக்கிறார். அவரிடம் நிலானியை அனுப்பும்போது நானே அறிமுகம் எழுதிக் கொடுத்தேன். இன்னாருடைய மகள், சொந்த ஊர் வெல்லாவெளி, இன்ன குடி. எழுதியது என்னுடைய குடியை. (குடிப் பெயர்களை இங்கே தவிர்க்கிறேன். எழுதினால் எந்தக் குடி முந்தியது என்று பத்து பேர் ஆசிரியருக்குக் கடிதம் போடுவார்கள்.) எழுதும்போது என் கை ஒரு கணமும் தயங்கவில்லை.

அன்று ஞாயிறு, நாங்கள் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தோம். வசந்தியின் தொலைபேசி அடித்தது. நிலானி அண்ணாவியார் வீட்டு முற்றத்தில் நின்றாள். மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போயிருந்தது குலேந்திரன். நடந்ததை அவள் அவசரமாகச் சொன்னாள். அண்ணாவியார் என் எழுத்தை வாசித்துவிட்டு, தாய் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். சித்தாண்டி என்றதும் தாளை மடித்து அவளிடமே தந்துவிட்டாராம்.

"இது அப்பன்ர குடி புள்ள. உன்ர குடி என்ன?"

மகளுக்குத் தெரியவில்லை. நாங்கள் சொல்லிக்கொடுத்ததில்லை. குலேந்திரன் பக்கத்தில் நின்று, "உங்கப்பனுக்கு சுவிசுக்குப் போய் குடியும் மாறிட்டு போல கிடக்கு" என்றிருக்கிறான். அவள் அதையும் அப்படியே எங்களுக்குச் சொன்னாள், ஒரு சொல் விடாமல், ஆய்வு மாணவிக்குரிய நேர்மையோடு.

எங்கட குடி என்ன அம்மா என்று மகள் கேட்டு முடிய முன் வசந்தி தன் குடிப் பெயரைச் சொன்னாள். மறுபக்கத்தில் பல ஆண்கள் சிரித்தார்கள். பிறகு குலேந்திரனின் குரல் கிட்ட வந்தது.

"அப்ப இது எங்கட புள்ள. வசந்தி எனக்குத் தங்கச்சி முறை. இனிமே சேர் மோர் எண்டு கூப்பிடாத, மாமா எண்டு கூப்பிடு."

வசந்தி தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பாவம், உங்கட மகள ஆக்கள் எடுத்துப்போட்டாங்க" என்றாள். மறுகா என் பீங்கானில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள். ஆறுதலுக்குப் போலும்.

அதன்பிறகு அவளுக்கு எல்லாக் கதவும் திறந்தது. அண்ணாவியாரின் மனைவி அதே குடியாம். பாட்டெல்லாம் கைப்பட எழுதிய பழைய கூத்துக் கொப்பிகளை வெளியே எடுத்துப் படம் பிடிக்க விட்டார்கள். ஆட்டத்துக்கு முந்திய கூத்துப் பழக்கம் நடக்கும் இடத்தில் பாய் போட்டு இருத்தினார்கள். இரண்டு வீட்டில் சாப்பாடு. எனக்கு வந்த ஒரு படத்தில் அவள் மத்தளத்தின் வாரைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள், பின்னால் குலேந்திரன் நிற்கிறான், தன் வீட்டு வாசலில் நிற்கிறவன் மாதிரி. அந்த இடத்தில் நிற்கவேண்டியது நான் என்பதுதான் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

ஊரிலிருந்து வந்ததும் அவள் எழுதத் தொடங்கினாள். எழுதுவது ஜெர்மனில். ஓர் அத்தியாயம் முடிந்ததென்று தெரிந்து, வாசிக்கத் தருவாயா என்று கேட்டேன். "மாமா முதல்ல பாக்கட்டும் அப்பா, பிழையோட உங்களுக்குத் தர விருப்பமில்ல" என்றாள். குலேந்திரனுக்கு ஜெர்மன் தெரியாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் தன் அறையில் இருந்து, எழுதியதை அவனுக்குத் தமிழில் வாயால் சொல்கிறாள். அவன் கேட்டுத் திருத்துகிறான். ஜெர்மன் வாசிக்கத் தெரிந்த நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து பத்திரிகை பார்க்கிறேன்.

எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. இந்த ஆய்வில் ஒரு தடவையாவது, ஒரு சின்ன விசயத்துக்காவது, அவள் என்னிடம் வந்து கேட்கவேண்டும். வைகாசியில் ஒப்படைக்கிறாள். அதற்குப் பிறகு கேட்பதற்கு ஒன்றும் இருக்காது.

4

ஐப்பசியில் இன்னொன்று நடந்தது. நிலானியின் பேராசிரியை மார்கழியில் சிறிய ஆய்வரங்கு ஒன்று வைக்க இருந்தார். குலேந்திரனை அழைத்தார்கள். அவன் எங்கள் வீட்டில் தங்குவதாகவும், தையில் மலைக்கிராமத்து நாடகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகவும் ஏற்பாடு. விசாவுக்கான உத்தரவாதக் கடிதத்தில் நான் கையொப்பம் வைக்கவேண்டும்.

மகளும் நானும் நகரசபை அலுவலகத்துக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளைஞர், விருந்தினர் எனக்கு என்ன உறவு என்று கேட்டார். மைத்துனர் என்று சொல்வதற்கு ஜெர்மன் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு மட்டும் வாய்க்கு வரவில்லை. நிலானி பின்னால் நின்று, உதடு அசையாமல், என் தோளுக்குள் அந்தச் சொல்லைச் சொன்னாள். சிறுவயதிலிருந்து அவளுக்குப் பழக்கம். வைத்தியரிடம், பாடசாலைக் கூட்டத்தில், வங்கியில் எல்லாம் இப்படித்தான், மற்றவர்களுக்குக் கேட்காமல். நான் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னேன். ஆனால் இளைஞருக்குக் கேட்டுவிட்டது. அதன்பிறகு அவர் கேள்விகளை அவளிடமே கேட்டார். அவர் காட்டிய இடத்தில் நான் கையொப்பம் வைத்தேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு குலேந்திரனுக்கு விசா கிடைக்கவில்லை என்று செய்தி வந்தது. திரும்பிப் போவான் என்று நம்பிக்கை வரவில்லையாம். வளாகத்தில் நிரந்தர வேலையும் வீடும் வயலும் உள்ள மனிதன். நிலானி அழுதாள். வசந்தி அண்ணன் பாவம் என்றாள். நான் மூன்று கதிரைகளையும் மேசைக்குள் தள்ளிவிட்டு, விருந்தினர் அறைக்கென்று வாங்கிய விளக்கைப் பெட்டியிலேயே விட்டேன். எனக்குத் துக்கமாக இருந்தது. துக்கத்துக்குக் கீழே என்ன இருந்தது என்று ஊரில் வாசிக்கிறவர்களுக்கு விளங்கும்.

5

நாடகம் இந்த மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் நடந்தது. நிலானியோடு படிக்கும் பையன் ஒருவன் கூடப் போவதாக இருந்தது. அவனுக்குக் காய்ச்சல். நுழைவுச்சீட்டு வீணாகப் போகிறதே என்றுதான் என்னைக் கேட்டாள். வசந்தி, "குளிருக்குள்ள ராசா பாக்க நான் வரல்ல" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

மலைக்கிராமத்துப் பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபம். ஈரச் சப்பாத்து மணம், மர வாங்குகள். பேருந்து பிந்தியதால் எங்களுக்குக் கிடைத்தது முன்வரிசையின் ஓரம். அங்கிருந்து மேடையில் பாதிதான் தெரியும், ஆனால் திரைச்சீலைக்குப் பின்பக்கம் நன்றாகத் தெரியும். ராசாவாக வந்தவர் அந்த ஊரில் பால் சேகரிக்கும் மனிதராம். நல்ல குரல். இரண்டாம் அங்கத்தில் மகனைச் சபிக்கும் இடத்தில் நின்றுபோனார். சொல் வரவில்லை. மண்டபம் முழுவதும் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தது. யாரோ இருமினார்கள். அப்போதுதான் கவனித்தேன், திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு பெண் முக்காலியில் ஒடுங்கி இருந்து, மடியில் தாள்களோடு, ராசாவைப் பார்த்து வாயை அசைத்துக்கொண்டிருந்தார். ராசா வானத்தைப் பார்ப்பதுபோலக் காதைத் திருப்பினார். சொல் கிடைத்தது. சபித்தார். கழுத்து மட்டும் சிவந்து கிடந்தது.

நான் சிரித்துவிட்டேன். நிலானி முழங்கையால் இடித்தாள். திரும்பும் பேருந்திலும் அவளுக்குக் கோபம் போகவில்லை.

"ஏன் சிரிச்சீங்க? அந்த மனிசன் எவ்வளவு வெக்கப்பட்டுட்டார்."

"அவர் மறந்ததுக்குச் சிரிக்கல்ல மகள். அந்த மனிசிய ஒளிச்சு வச்சிருந்தாங்களே, அதுக்குத்தான்."

அவளுக்கு விளங்கவில்லை. சொன்னேன். எங்கள் கூத்துக் களரியில் கொப்பி பார்க்கிறவர் நடுவில் நிற்பார். அண்ணாவியாருக்குப் பக்கத்தில், முழு வெளிச்சத்தில், சபை முழுவதும் பார்க்க. ராசா மறந்தால் அவர் அந்த வரியைச் சத்தமாகவே எடுத்துக் கொடுப்பார். ராசா வாங்கிப் பாடுவார், பின்னால் நிற்பவர்கள் திருப்பிப் படிப்பார்கள், ஆட்டம் போகும். ஒருவரும் சப்பாத்தைக் குனிந்து பார்க்கமாட்டார்கள். பாட்டுத் தெரிந்த சனம் சில நேரம் கீழே இருந்தே வரியைக் கொடுக்கும். வெல்லாவெளியில் ஒரு ராசா மூன்று தரம் மறந்து மூன்று தரமும் கேட்டுப் பாடி, விடியும்போது மாலைகளோடு வீட்டுக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

பேருந்து இரண்டு வளைவு திரும்பியது.

"நான் ஊரில பழக்கத்த மட்டும்தான் பாத்தன்" என்றாள். "பழகேக்க எல்லா இடத்திலயும் சொல்லிக் குடுப்பாங்கதானே எண்டு அத நான் எழுதவே இல்ல. ஆட்டம் ஆடுற அண்டைக்கும் அப்பிடியா?"

"ஆட்டத்தண்டைக்கும் அப்பிடித்தான்."

"அப்ப மறதிய ஒரு ஊர் ஒளிக்குது, மற்ற ஊர் அதுக்கெண்டே ஒரு ஆள நடுவில நிப்பாட்டி வைக்குது." இதைத் தனக்குத்தானே ஜெர்மனிலும் சொல்லிக்கொண்டாள். பிறகு தொலைபேசியில் ஒலிப்பதிவை அழுத்தி என் முகத்துக்குக் கிட்டப் பிடித்தாள். "அப்பா, திரும்பச் சொல்லுங்க. முதல்ல இருந்து. யார் எங்க நிண்டது, ஒண்டும் விடாம."

சொன்னேன். மலை இறங்கி முடியும் வரை சொன்னேன். அவள் இடையில் கேள்விகள் கேட்டாள், நல்ல கேள்விகள். கொப்பி பார்க்கிறவருக்கு உடுப்பு என்ன, அவரும் மறந்தால் யார் எடுத்துக் கொடுப்பார்கள். இருட்டில் பேர்ண் வந்து இறங்கியபோது என் தொண்டை கட்டியிருந்தது. அவள் ஒலிப்பதிவை நிறுத்திச் சேமித்தாள். சேமித்துவிட்டு, "இத மாமாட்டயும் ஒருக்காக் கேட்டுப் பாக்கணும்" என்றாள்.

6

குலேந்திரனின் பதில் அடுத்த நாள் குரல்பதிவாக வந்தது. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன் நிலானி என்னைக் குசினிக்குக் கூப்பிட்டு, ஒலியைக் கூட்டி வைத்தாள். வசந்தியும் அகப்பையோடு நின்றாள்.

முதற்பாதி அவளுக்கு. அப்பன் சொன்னது சரி, தான் அதைக் கவனமாகச் சொல்லித் தந்திருக்கவேண்டும், கண்ணுக்கு முன்னால் எப்போதும் நிற்கிற ஆளைத் தான் ஒரு விசயமாக நினைக்கவே இல்லை என்றான். பிறகு பின்னால் யாரோ மோட்டார் சைக்கிளை முடுக்கும் சத்தம்.

"மச்சான், நீ பக்கத்தில இரிக்கியா தெரியா. நான் இந்தப் பாடத்த இவ்வளவு காலமாப் படிப்பிக்கிறன். ஒப்பிடுறதுக்கு ரெண்டு சாமான் வேணும் எண்டு முதல் நாள் வகுப்பிலயே சொல்லுவன். என்னட்ட ஒண்டுதான் கிடக்கு. மற்றத நான் புத்தகத்தில பாத்தன், படத்தில பாத்தன். நீ முன் வாங்கில இருந்து பாத்துட்டு வந்து சிரிக்கிறா. எனக்கு வயிறு எரியுதுடா."

நிலானி, பாவம் மாமா என்றாள். வசந்தி அகப்பையைப் பார்த்துக்கொண்டு, அண்ணன் மனசில வச்சிருந்திருக்கார் என்றாள். நானும் அதற்கேற்ற முகத்தோடு, பாவம்தான் என்றேன்.

அன்று மாலை நிலானி மூன்றாம் அத்தியாயத்தை எனக்கு மின்னஞ்சலில் அனுப்பினாள். குலேந்திரனோடு அவள் அதைப் பேசப்போவது வரும் சனிக்கிழமைதான். திகதியைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.

குரல்பதிவை என் தொலைபேசிக்கும் அனுப்பச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன். காலையில் வேலைக்குப் போகும் ட்ராமில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். முதற்பாதியைத் தள்ளிவிட்டு, மோட்டார் சைக்கிள் சத்தத்திலிருந்து.